எந்த மாதம் மலையேறலாம்? முதலில் மலையின் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்

என் முதல் மலையேற்றம் ஒரு நவம்பர் மாதத்தில். "நவம்பர்ல போடா, சூப்பரா இருக்கும்" என்று சொன்னவன் கோயம்புத்தூர் நண்பன். அவன் போய் வந்தது வயநாட்டுப் பக்கம். நான் போனது கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பாதை. மூன்று மணி நேரம் மேகத்துக்குள் நடந்தேன். முன்னால் போனவரின் முதுகுப்பையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. வெள்ளகவி ஊருக்குள் செருப்போடு போகக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். நனைந்த ஷூவைக் கழற்றினால் காலுறைக்குள் நாலைந்து அட்டைகள். அங்கே டீ கொடுத்த பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஐப்பசி கார்த்திகையில இந்தப் பக்கம் யாருப்பா வருவா? தை பொறந்து வாங்க."

நண்பன் சொன்னதும் தப்பில்லை, பெரியவர் சொன்னதும் தப்பில்லை. ஒரே மாதம், ஒரே மலைத்தொடர், ஆனால் வேறு வேறு பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் முதன்முதலாக ஏறப் போகிறவர்களுக்கு இது புரிந்துவிட்டால் மாதத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி.

முதல் படி: உங்கள் பாதை மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது?

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளாவில் தொடங்கும். அரபிக் கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மலைமேல் ஏறும்போது குளிர்ந்து, மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதில் ஈரம் மிச்சமிருக்காது, வேகம்தான் இருக்கும். அதனால்தான் ஜூலையில் வால்பாறை நனைந்துகொண்டிருக்கும்போது தேனிப் பக்கம் வெறும் காற்று வீசுகிறது. அக்டோபர் கடைசியில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலிலிருந்து வருகிறது, கிழக்குச் சரிவுகள் நனைகின்றன. பழனி மலை, சிறுமலை, ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது மலை எல்லாம் அப்போதுதான் ஊறிப்போய் நிற்கும்.

நீலகிரி மாவட்டத்தை மட்டும் பார்த்தாலே இது விளங்கிவிடும். கூடலூர், தேவாலா, அவலாஞ்சி ஆகியவை மேற்கத்திய காற்றை வாங்கும் இடங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. சென்னையில் ஒரு வருஷம் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் அது. குன்னூர், கோத்தகிரிப் பக்கமோ ஐப்பசி, கார்த்திகையில்தான் பயம். 2009 நவம்பரில் பெரும் நிலச்சரிவுகள் வந்தது அந்த மழையில்தான். "ஊட்டிக்கு எப்போது போகலாம்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பது இதனால்தான்.

பக்கத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். உங்கள் பாதையில் குறுக்கிடும் ஓடை எந்த ஆற்றில் போய்ச் சேர்கிறது என்று மேப்பில் பாருங்கள். வைகை, தாமிரபரணி, காவிரி என்றால் அநேகமாகக் கிழக்குப் பக்கம். சாலக்குடி, பெரியாறு, பாரதப்புழை, சாலியாறு என்றால் மேற்குப் பக்கம். தேனி மாவட்டத்துக் குரங்கணி ஓடை கொட்டக்குடி ஆறாகி வைகைக்குப் போகிறது, ஆகவே கிழக்கு. முக்கால்வாசி இடங்களில் இந்தக் கணக்கு சரியாக வரும். முகட்டை ஒட்டிய இடங்களில் ஏமாற்றும்: அவலாஞ்சித் தண்ணீர் பவானி வழியாகக் காவிரிக்குத்தான் போகிறது, ஆனால் மழை அரபிக் கடல் மழை.

இன்னும் இரண்டு விதிவிலக்குகள். மலையில் இடைவெளி இருக்கும் இடங்களில் தென்மேற்குக் காற்று புகுந்து இந்தப் பக்கமும் எட்டிப்பார்க்கும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிப்பது செங்கோட்டைக் கணவாயின் புண்ணியம். பொள்ளாச்சிப் பக்கம் அந்தச் சிலுசிலுப்பு பாலக்காட்டுக் கணவாயின் புண்ணியம். தெற்கே மாஞ்சோலை, அகத்தியமலை வட்டாரம் இரண்டு மழையையும் வாங்கிக்கொள்ளும்.

இரண்டாம் படி: எதைப் பார்க்க ஆசை?

இதற்கு அதிக நேரம் வேண்டாம். அருவியும் பச்சையும் வேண்டுமென்றால் மழை ஓய்ந்த கையோடு போக வேண்டும். தூரத்து மலைகள் வரிசையாகத் தெரிய வேண்டும், காலடியில் மேகக் கடல் பார்க்க வேண்டும் என்றால் பனிக்காலம். நீலக்குறிஞ்சி வேண்டுமென்றால் 12 வருஷத்துக்கு ஒரு முறைதான்: 2006, 2018, அடுத்தது 2030. நடுவில் ஒவ்வொரு வருஷமும் "குறிஞ்சி பூத்தது" என்று செய்தி வருமே என்று கேட்பீர்கள். குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. சில இடங்களில் சில செடிகள் முன்னே பின்னே பூப்பதும் உண்டு. அதை நம்பி லீவு போடாதீர்கள்.

மூன்றாம் படி: மாதங்களை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்போம்

இங்கே தமிழ் மாதங்களையே வைத்துக்கொள்கிறேன். மலைக்காரர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். அவர்களிடம் விசாரிக்கும்போது உங்களுக்கும் வசதி.

தை பிறந்ததிலிருந்து மாசி பிறக்கும் வரை, அதாவது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. முதல் முறை போகிறவர்களுக்கு என் தேர்வு இதுதான், யோசிக்கவே வேண்டாம். வடகிழக்கு மழை ஓய்ந்து காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும். ஓடைகளில் இன்னும் தண்ணீர் ஓடும், புல் முழுக்கக் காய்ந்திருக்காது. பெரியவர் சொன்னபடி ஒரு தை மாதம் அதே வெள்ளகவிப் பாதைக்குப் போனேன். போன முறை ஒன்றுமே தெரியாத அதே திருப்பத்தில் நின்றால் கீழே பெரியகுளம் சமவெளி, கண்மாய் எல்லாம் தெரிகிறது. கொழுக்குமலையில் விடியற்காலை மேகக் கடல் பார்க்கவும் இதுதான் காலம். கேரள வனத்துறை 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு ஆட்களை அனுப்புவதும் ஜனவரி, பிப்ரவரியில்தான். முன்பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே இடம் தீர்ந்துவிடும், விழிப்பாக இருங்கள்.

குளிரை மட்டும் குறைத்து எடைபோடாதீர்கள். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பது சமவெளிக்காரர் சொன்னது. மலையில் எதைத் துளைக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அடிவாரத்தில் விடியற்காலை 19 டிகிரி என்றால் 2,000 மீட்டர் மேலே 7 டிகிரி. நீலகிரியில் பள்ளமான புல்வெளிகளில் உறைபனியே விழும். அங்கே மேட்டைவிடப் பள்ளத்தில்தான் குளிர் அதிகம், ஏனென்றால் குளிர்ந்த காற்று கனம் கூடி இரவில் கீழே வந்து தேங்குகிறது.

மாசி பிறந்ததிலிருந்து பங்குனி வரை. இந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

2018 மார்ச் 11. குரங்கணி மலையில் ட்ரெக்கிங் போன குழுக்கள் திரும்பி வரும் வழியில் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டன. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள், பெரும்பாலும் இளம் வயதினர். அது ஞாயிற்றுக்கிழமை, வார இறுதி விடுமுறைக்கு நம்மைப் போலப் போனவர்கள். மார்ச்சில் கிழக்குச் சரிவு எப்படி இருக்கும் என்றால், வடகிழக்கு மழையில் ஆளுயரத்துக்கு வளர்ந்த புல் முழுக்கக் காய்ந்து நிற்கும், மேலே வெயில், கூடவே காற்று. ஒரு பொறி போதும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். தன் சூட்டாலேயே மேலே உள்ள புல்லைக் காயவைத்துக்கொண்டே ஏறும். மனிதனால் அந்த வேகத்தில் மலையேற முடியாது. எப்போதாவது தூரத்தில் புகை தெரிந்தால் முகட்டை நோக்கி ஓட வேண்டாம். தீயை விட்டுப் பக்கவாட்டில் விலகிப் போகப் பாருங்கள். முடியாவிட்டால் புல்லே இல்லாத பாறை, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடம் என்று ஒதுங்குங்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதே 2018-இல் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தில் 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்து போக வழி செய்தார்கள். அந்தந்தப் பகுதியின் பழங்குடி மக்களும் மலைக்கிராமத்தவர்களும் வழிகாட்டிகளாக வருகிறார்கள். 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று அந்தப் பாதைகளை மூடிவைத்தார்கள். ஆக, இந்த இரண்டு மாதத்தையும் உங்கள் காலண்டரில் கோடு போட்டு அடித்துவிடுங்கள். பாதை மூடியிருக்கும்போது "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார், கூட்டிட்டுப் போயிடுவார்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வீட்டில் இருங்கள். மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவும் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் மூடியிருக்கும். அதற்குக் காரணம் தீ இல்லை, வரையாடுகள் குட்டி போடும் காலம்.

"அப்படியென்றால் வெள்ளியங்கிரிக்கு மட்டும் பிப்ரவரி முதல் மே வரை விடுகிறார்களே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அது ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையாகப் போகும் கோயில் பாதை. பூண்டி அடிவாரத்தில் சோதனை செய்துதான் மேலே விடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மற்ற மலைகளும் அப்போது பத்திரம் என்று முடிவுகட்டக் கூடாது. இன்னொன்று: ஏழு மலையும் செங்குத்து. நடந்து பழகாதவர்கள் முதல் மலையேற்றமாக அதைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சம்மதமில்லை. மூச்சுத்திணறி, மாரடைப்பு வந்து அங்கே ஆட்கள் இறந்த செய்தி சீசன் தோறும் வருகிறது.

சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறை. ஊட்டி, கொடைக்கானலுக்கு வண்டியில் போக 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். கூட்டத்தை விடுங்கள், எனக்குக் கவலை மதியத்துக்கு மேல் வரும் இடிமழைதான். காலை பத்து மணிக்கு வானம் சுத்தமாக இருக்கும். மூன்று மணிக்கு முகட்டில் இடி இறங்கும். இந்த மாதங்களில் போவதென்றால் சோலைக்காட்டு நிழலில் சின்ன நடை, அதுவும் மதியத்துக்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்ற கணக்கோடு. இடிச் சத்தம் கேட்டாலே முகட்டையும் தனிமரத்தையும் விட்டு விலகுங்கள்.

ஆனி, ஆடி, ஆவணியில் மேற்குச் சரிவு வேண்டவே வேண்டாம். அட்டை, வழுக்கல், பாதை மறிக்கும் வெள்ளம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் கூடாரம் எம்மாத்திரம்? குன்னூர் மலைப்பாதையில் பர்லியார், கல்லாறு பக்கம் பலாப்பழ சீசன் வேறு. பழவாசனைக்கு யானைகள் வந்து நிற்கும். இந்த மூன்று மாதமும் கொல்லிமலை, ஜவ்வாது போன்ற கிழக்கு மலைகளில் பகல் நடைக்கு ஏற்றவைதான், சாயங்கால மழைக்கு மட்டும் ரெயின்கோட் வைத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசி பலர் கவனிக்காத மாதம், என் இரண்டாவது தேர்வு. தென்மேற்கு மழை அடங்குகிறது, வடகிழக்கு இன்னும் தொடங்கவில்லை. மலை முழுக்கப் பச்சை, அருவிகளில் தண்ணீர், கூட்டம் குறைவு. சில வருஷங்களில் தென்மேற்கு மழை ஓயாமல் நீடித்துவிடும், அது ஒன்றுதான் இடைஞ்சல். பத்து நாள் முன்னால் முடிவு செய்ய முடிந்தவர்களுக்கு ஏற்றது. மூன்று மாதத்துக்கு முன்பே லீவு எழுதிக் கொடுக்க வேண்டியவர்களுக்கு ஏற்றதல்ல.

ஐப்பசி, கார்த்திகை பற்றி என் கதையே போதும். 'கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை' என்பார்கள். அதை நம்பி மார்கழி ஒன்றாம் தேதியே கிளம்பிவிடவும் வேண்டாம். 2023-இல் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்த மழை டிசம்பர் 17, 18-ஆம் தேதிகளில் பெய்தது. மார்கழி 1, 2. தெற்கு மலைகளுக்கு மார்கழி முழுவதையும் விட்டுவிட்டுத் தையில் போவதே நல்லது.

நான்காம் படி: தேதி குறித்த பிறகு

அனுமதியை முதலில் வாங்குங்கள், டிக்கெட், அறை எல்லாம் அப்புறம். பாதை திறந்திருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடுகிறார்கள் என்பது தெரியாமல் எதையும் பதிவு செய்யாதீர்கள். மழை எச்சரிக்கை வந்தால் வனத்துறை கடைசி நாளில்கூட அனுமதியை நிறுத்தும். சதுரகிரிக்கு அமாவாசைக்குப் போய், ஓடையில் தண்ணீர் வருகிறது என்று தாணிப்பாறையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். கோபித்துக்கொண்டு பயனில்லை. அந்த ஓடைகளில் மேலே எங்கோ பெய்த மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு தூறல்கூட இல்லாதபோது வந்து சேரும்.

வானிலையை மூன்று தடவை பாருங்கள். பத்து நாள் முன்னால் பார்ப்பது வங்கக் கடலில் ஏதாவது உருவாகிறதா என்பதற்கு. அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். மூன்று நாள் முன்னால் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் மாவட்டவாரி அறிவிப்பு. அதில் 'கனமழை' என்று வந்தால் 24 மணி நேரத்தில் 6 சென்டிமீட்டருக்கு மேல் என்று அர்த்தம். சமவெளியில் அது குடை பிடிக்கும் விஷயம், மலைப்பாதையில் அது ஓடை தாண்ட முடியாத விஷயம். ஆரஞ்சு நிறம் வந்தால் நான் கிளம்ப மாட்டேன். கடைசியாக, போகும் நாள் காலையில் வழிகாட்டிக்கு ஒரு போன். "அண்ணே, நேத்து ராத்திரி மேல பெஞ்சுதா?" என்ற ஒரு கேள்விக்கு அவர் சொல்லும் பதில் எந்தச் செயலியிலும் கிடைக்காது.

நாளைப் பார்ப்பது போலவே நேரத்தையும் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் நம் பக்கம் பகல் பதினொன்றரை மணி நேரம்தான், ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். மலை மறைவில் அதற்கும் முன்பே இருட்டு. ஐந்து மணி நேர நடை என்று போட்டிருந்தால் புதியவர்களுக்கு ஏழு மணி நேரம் ஆகும். காலை ஏழு மணிக்குக் கால் பாதையில் இருக்க வேண்டும்.

பையில் என்ன எடுப்பது என்பதும் காலத்தைப் பொறுத்ததுதான். பனிக்காலத்தில் காதுக்குக் குல்லா, ஒரே கனமான ஸ்வெட்டருக்குப் பதில் இரண்டு மெல்லியது. ஏறும்போது ஒன்றைக் கழற்றிவிடலாம். ஈரமான மாதங்களில் அட்டைக்கு முழங்கால் வரை நெருக்கமான காலுறை, ஒரு பொட்டலம் உப்பு. சில வழிகாட்டிகள் புகையிலைத் தண்ணீரில் காலுறையை ஊறவைப்பார்கள், நன்றாகவே வேலை செய்கிறது. காய்ந்த மாதங்களில் அட்டைக்குப் பதில் உண்ணி; புல்லில் உட்காராதீர்கள், திரும்பி வந்ததும் இடுப்பு, அக்குள் எல்லாம் பார்த்துக் குளியுங்கள். தண்ணீர் ஜனவரியில் 2 லிட்டர் போதும் என்றால் ஏப்ரலில் 3 லிட்டராவது வேண்டும், ஓடைகள் வற்றியிருக்கும்.

தை என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் பொங்கல் வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ரயிலில் இடம் கிடைக்காது, மலையூர்களில் அறை கிடைக்காது, வழிகாட்டிகளும் அவர்கள் வீட்டுப் பொங்கலில் இருப்பார்கள். காணும் பொங்கல் முடிந்த அடுத்த வார இறுதி சரியாக இருக்கும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதாவது நவம்பர் கடைசியில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து டிக்கெட் போட வேண்டியிருக்கும்.